பிறந்த ஊரில் உல்லாசப் பிரயாணி

கட்டுநாயக்க விமான நிலையத்தின் வருகை மண்டபத்தில் முதியவர் ஒருவர் வரிசையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் கையிலிருக்கும் கடவுச்சீட்டு கனடா நாட்டினது. பிறந்த இடம் என்பதற்கு நேரே அதில் கரம்பொன் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. குடிவரவு அதிகாரி அந்தப் பெயரையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்க்கிறார். 30 நாள் தங்குவதற்கு அநுமதி அளித்து முத்திரை பதிக்கிறார். முதியவர் அன்றிரவே வடக்கு நோக்கிப் புறப்படுகிறார். மறுநாட் காலையில் பண்ணைத் தாம்போதியைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை ஆகிய ஊர்களைத் தாண்டி, தாம் பிறந்த வளவின் படலையைத் திறக்கிறார். எந்தத் தகுதியில் அவர் அங்கே வந்து நிற்கிறார் என்று கேட்டால், சட்டம் தரும் விடை ஒன்றே: உல்லாசப் பிரயாணி.

உல்லாசத்துக்கு அவருக்கு நேரம் ஏது? தூர்ந்து கிடக்கும் கிணற்றை இறைப்பிக்க வேண்டும். உடைந்த ஓடுகளை மாற்ற ஆள் பிடிக்க வேண்டும். காணி உறுதியை எடுத்துக்கொண்டு நொத்தாரிசிடம் போகவேண்டும். தமக்கையாரின் திவசம் வருகிறது; அதற்கும் இருந்துவிட்டுப் போக வேண்டும். இவையெல்லாம் 30 நாளில் முடிவன அல்ல. ஆகவே அடுத்த ஆண்டும் வருகிறார்; அதற்கடுத்த ஆண்டு இரு தடவை வருகிறார். ஒவ்வொரு முறையும் அதே வரிசை, அதே முத்திரை. இவ்வாறு எத்தனை முறை வரலாம்? விருந்தினனாக வருபவன் எந்தக் கட்டத்தில் குடியிருப்பவனாக மாறுகிறான்? உலகத்து நாடுகள் பலவற்றின் குடிவரவுச் சட்டங்கள் இன்று இந்தக் கேள்வியோடு மல்லாடிக்கொண்டிருக்கின்றன.

வந்திறங்கும் அந்நியரைப் பற்றிய விதி யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக்குப் புதிதன்று. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அம்மன்னன் பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்டவன். பிறதேசத்தார் முதலில் ஊராத்துறையிலேயே வந்திறங்கித் தங்கவேண்டும் என்றும், அங்கே அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் என்றும் அக்கல்வெட்டு விதிக்கிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. கரம்பொன்னுக்கு அடுத்த ஊர். யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கு. வாணிகச் சரக்கேற்றிய கலம் உடைந்தால் சரிபாதி என்று பங்கீடும் வகுக்கப்பட்டிருக்கிறது. அந்நியன் எங்கே இறங்குவது, அவனுக்கு யார் காப்பு, அவன் பொருளில் அரசனுக்கு எவ்வளவு என்பனவற்றையே அரசு அன்று எண்ணிற்று. எத்தனை நாள் தங்கலாம் என்ற கணக்கு, கிடைத்துள்ள அந்தப் பகுதியில் எங்கும் இல்லை.

அப்படியொரு கணக்கு நெடுங்காலம் தேவைப்படவும் இல்லை. ஊர்காவற்றுறைத் தோணிகள் நாகபட்டினம், தொண்டி முதலிய துறைகளுக்குப் போய்வந்தன. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியபின், யாழ்ப்பாணத்தில் ஏறிய பிரயாணி சென்னையில் இறங்குவது ஒரு நெடிய ரயிற் பயணம் போலாயிற்று. மலாயாவின் ரயில் இலாகாவிலும் நிலஅளவைப் பகுதியிலும் உத்தியோகம் பார்த்து, முதுமையில் ஊர் திரும்பி, மாதந்தோறும் பென்சன் பெற்று வாழ்ந்தவர்கள் தீவுப்பகுதியிலும் குடாநாட்டிலும் ஊருக்குச் சிலராவது இருந்தனர். அவர்களுள் ஒருவரும் ஊருக்கு வரும்போது தாம் யாருடைய விருந்தாளி என்று எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். கரைகள் பலவாயினும் அவற்றின்மேல் ஆட்சி ஒன்றாயிருந்தது.

கரம்பொன்னில் பிறந்த பெரியார் ஒருவரின் வாழ்க்கையில் இந்த மாற்றத்தின் இரு பக்கங்களையும் காணலாம். சேவியர் தனிநாயகம் அடிகளார் 1913 ஆகஸ்ட் 2ஆம் நாள் அவ்வூரிற் பிறந்தார். உரோமாபுரியிற் கல்வி முடித்து, 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராக அமர்ந்தார். 1945 முதல் 1949 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றார். ஏறத்தாழப் பத்தாண்டு தமிழகத்தில் வாழ்ந்த அவர், அக்காலத்தின் பெரும்பகுதியில் அங்கே அந்நியராக எண்ணப்படவில்லை. அவர் அண்ணாமலையில் ஆராய்ச்சியை முடித்த அந்த 1949ஆம் ஆண்டிலேதான், நவம்பர் 1ஆம் நாள், இலங்கையின் 1948ஆம் ஆண்டு 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடவுச்சீட்டும் விசாவும் பாக்குநீரிணைக்குக் குறுக்கே வேலியாக எழுந்தன. அதற்கு ஓராண்டு முன்னரே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிவிட்டது. பின்னர், சட்டவிரோதமாக வருவோரைத் தடுக்க வடகரையோரத்தில் 1952இல் இராணுவ நடவடிக்கை தொடங்கிற்று; 1963இல் அதற்கெனத் தனிப்படையே அமைந்தது. வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் கடந்தவனைச் சுட்டிய 'கள்ளத்தோணி' என்ற சொல், பின்னர் ஒரு சமூகத்தையே இகழும் வசையாகியது. அந்தச் சொல்லின் கொடுமை இன்னும் முற்றாக மறைந்தபாடில்லை.

அடிகளாரின் முயற்சியால் 1964இல் உருவான உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் நான்காம் மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. பிறநாட்டுப் பேராளர் சிலருக்கு விசா மறுக்கப்பட்டது என்ற மனக்குறை அப்போது எழுந்தது. கரம்பொன்னில் இருந்து புறப்பட்டு உலகைச் சுற்றி, 'ஒன்றே உலகம்' என்று தம் பயண நூலுக்குப் பெயரிட்டவர், தம் சொந்த மாவட்டத்துக்குத் தமிழறிஞரை அழைக்க ஒரு சிறு முத்திரைக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

விசா என்பதுதான் யாது? நாட்டினுள் நுழையும் உரிமை என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. வாயில்வரை வந்து கதவைத் தட்டுவதற்கான சீட்டே விசா. கதவைத் திறப்பதும் திறவாமல் விடுவதும் வாயிலில் இருக்கும் அதிகாரியின் கையில் உள்ளது. அடுத்து, விசாவில் இரண்டு கால அளவுகள் உண்டு; அவற்றை ஒன்றென மயங்குவதால் வரும் துன்பமே மிகுதி. ஒன்று, அந்தச் சீட்டு எதுவரை செல்லும் என்பது. மற்றது, ஒரு தடவை உள்ளே வந்தால் எத்தனை நாள் தங்கலாம் என்பது. பத்தாண்டு செல்லுபடியாகும் பன்முறை விசாவைக் கனடா அளிக்கிறது என்று கேட்டுப் பத்தாண்டும் அங்கேயே இருக்கலாம் என்று மகிழ்ந்தவர் உண்டு. சாதாரண வருகையாளருக்கு ஒவ்வொரு நுழைவிலும் வழக்கமாகக் கிடைப்பது 6 மாதமே.

நாட்களை எண்ணும் முறை நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவில் செங்கன் உடன்பாட்டில் சேர்ந்த 29 நாடுகள் இதற்கு ஓர் எண்கணித விதி வைத்திருக்கின்றன. எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும், அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிய 180 நாட்களுக்குள் 90 நாளுக்கு மேற் குறுகியகால வருகையாளர் அங்கே இருந்திருக்கக் கூடாது. பாரிஸ் நகரிலுள்ள மகனிடம் ஜனவரி 1ஆம் நாள் போன தாய், மார்ச் 31 வரை அங்கே தங்கினால், சாதாரண ஆண்டில் சரியாக 90 நாள் ஆகிவிடும். சுவிற்சர்லாந்திலுள்ள மகளிடம் அதன்பின் போய் இருக்கலாமே என்றால், முடியாது. 29 நாடுகளும் ஒரே வீட்டின் அறைகள் போல. அவர் மீண்டும் வரத்தக்க முதல் நாள் ஜூன் 30. அந்த நாளில்தான் ஜனவரி 1 என்னும் நாள் 180 நாட் கணக்கிலிருந்து விழுகிறது. இடைப்பட்ட மூன்று மாதமும் இலண்டனிலுள்ள தம்பி வீட்டுக்குப் போகலாம், அங்கே விசா இருந்தால். இலண்டன் வேறு வீடு. முன்னர் முத்திரைகளைப் புரட்டிப் பார்த்து விரல்விட்டு எண்ணினார்கள்; மங்கிய முத்திரையின் பலனை அநுபவித்தவர்களும் உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் விரலடையாளத்தையும் முகப்படத்தையும் கொண்டு, வருவதையும் போவதையும் கணினியிற் பதியும் முறை அங்கே தொடங்கப்பட்டது. கணினிக்கு மறதி இல்லை.

பிரித்தானியா வேறு விதமாகச் சிந்திக்கிறது. அங்கே வருகையாளர் ஒரு தடவையில் வழக்கமாக 6 மாதம்வரை தங்கலாம். ஆண்டொன்றில் இத்தனை நாள்தான் என்ற எண் விதியில் எழுதப்படவில்லை. ஆனால் அடிக்கடி வந்தோ, விட்டுவிட்டுத் தொடர்ந்து வந்தோ அந்நாட்டைத் தம் உறைவிடமாக்கிக்கொள்ளக் கூடாது என்று எழுதப்பட்டிருக்கிறது. எண் இல்லாத விதி இளக்கமானது போலத் தோன்றும். உண்மையில் அதுவே கடினமானது. 5 மாதம் தங்கி, இரண்டு கிழமை ஊரில் நின்று, மறுபடி வந்திறங்குபவரை அதிகாரி பார்க்கிறார். உமது வீடு எங்கே? அந்த வீட்டை இப்போது யார் பார்க்கிறார்கள்? சென்ற ஆண்டு எந்த நாட்டில் அதிக நாள் இருந்தீர்? செலவுக்கு யார் தருகிறார்கள்? பேரனைத் தாலாட்டுவது உறவு. அதற்குக் கூலி பெற்றால் தொழில். இவ்வினாக்களுக்கு ஒருவர் சொல்லும் விடையிலிருந்து, அவர் திரும்பிப் போகும் மனிதரா அல்லரா என்பதை அதிகாரி ஊகிக்கிறார். உலகத்து எல்லா வாயில்களிலும், வார்த்தை எப்படியிருந்தாலும், அறிய விரும்புவது இதனையே.

நுணுக்கமாகப் பார்த்தால், விதியை மீறாமலே விதியின் நோக்கத்தை மீறுவோரைப் பற்றிய அச்சமே இதற்கெல்லாம் காரணம். அநுமதி முடிகிற நாளில் எல்லையைத் தாண்டி அயல்நாட்டில் ஒரு தேநீர் அருந்திவிட்டு, புதிய முத்திரையோடு திரும்பிவரும் பழக்கம் தாய்லாந்தில் ஆண்டுக்கணக்காக நடந்தது. அவ்வாறே அங்கே தொழில் செய்து குடும்பம் நடத்தியவர்களும் இருந்தனர். விசாவின்றித் தரைவழியாக ஓர் ஆண்டில் இருமுறைக்கு மேல் நுழையக் கூடாது என்று அந்நாடு 2016ஆம் ஆண்டின் இறுதியில் வரையறுத்தது. இந்தியா எடுத்த நடவடிக்கைக்குக் காரணம் இன்னும் கசப்பானது. 2008 நவம்பரில் மும்பையில் நிகழ்ந்த தாக்குதலுக்கு வேவு பார்த்த டேவிட் ஹெட்லி பல தடவை முறையான விசாவிலேயே வந்து போனவன் என்ற செய்தி வெளியானபின், 2009 டிசம்பரில் அந்நாடு ஒரு தடை விதித்தது. உல்லாசப் பிரயாணி விசாவில் வந்து திரும்பியவர் மறுபடி வர இரண்டு மாதம் இடைவெளி விடவேண்டும் என்பதே அத்தடை. ஒருவன் செய்த தீமைக்காக, சென்னையைத் தளமாகக்கொண்டு இலங்கையையும் நேபாளத்தையும் பார்த்துவர எண்ணிய எத்தனையோ பேர் இடர்ப்பட்டனர். 2012இல் சில நாட்டினரைத் தவிர ஏனையோருக்கு அத்தடை நீக்கப்பட்டது.

கரம்பொன்னில் இருந்து வெளியே போகும் பயணம் ஒருபுறம் இருக்க, உள்ளே வரும் பயணத்தின் கதை வேறு. 1990இலும் 1991இலும் போரினால் தீவுப்பகுதி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். குடாநாட்டுக்கும் கொழும்புக்கும் போனவர்களுட் பலர் பின்னர் கடல் கடந்தனர். ஊரில் பூட்டிய வீடுகளும், கூரையற்ற சுவர்களும், ஆளுயரம் வளர்ந்த பற்றைகளும் எஞ்சின. வெளிநாடு போனவர்கள் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. அகதியாக ஏற்கப்பட்டு, 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி வழங்கப்படும் பயணப் பத்திரம் வைத்திருப்போர் ஒரு சாரார். பிறந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது என்ற குறிப்பு அப்பத்திரங்களில் வழக்கமாக இருக்கும். அஞ்சி ஓடிவந்த இடத்துக்கு ஒருவர் விரும்பிப் போய்வந்தால், அச்சம் நீங்கிவிட்டது என்று அடைக்கலம் தந்த நாடு கருதக்கூடும். இவர்களுக்கு ஊர்ப்பயணம் விடுமுறையன்று, பெரும் துணிச்சல். தாய் இறந்த செய்தி கேட்டும் ஏறாத விமானங்கள் எத்தனையோ.

அந்நிய நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் மற்றொரு சாரார். இலங்கைச் சட்டத்தின்படி, தாமாக விரும்பி வேறொரு நாட்டின் பிரஜையாகும் ஒருவர், முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளாவிடில், இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்துவிடுகிறார். பிறப்புப் பத்திரம் பெட்டியில் இருக்கும். ஊரவர் பெயர் சொல்லி அழைப்பார்கள். சட்டமோ அவரை அறியாது. அவருக்கு எளிதிற் கிடைப்பது 2012 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னியல் பயண அநுமதி. அதன்படி 30 நாள் தங்கலாம். அக்காலத்துக்குள் இருமுறை நுழையலாம். மேலும் தங்க விரும்பினால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்துக் காலத்தை நீட்டிக்கொள்ள வழியுண்டு. நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கச் சோம்பி, பலாலியில் ஏறிச் சென்னைக்குப் போய், நாலு நாள் நின்று புதிய அநுமதியோடு வரலாம் என்று கணக்குப் போடுவோர் உண்டு. பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் கப்பலும் விடப்பட்டது. ஆகவே போய்வருதல் அரிதன்று. ஆயினும் கனடாக் கடவுச்சீட்டோடு சென்னையில் இறங்க இந்திய விசா தனியே வேண்டும். அங்கேயும் அதே கேள்விகள் காத்திருக்கும். ஒரு தடவை செய்தால் பயணம் என்பார்கள். ஐந்தாந் தடவையும் செய்தால் உமது வீடு எது என்று கேட்பார்கள். அப்போது, கரம்பொன் என்று மனமறிந்து சொல்லும் உண்மையான விடையே அவருக்குப் பாதகமான விடையாகிவிடும்.

வருகையாளர் விசாவுக்கு இன்னொரு முகம் உண்டு. ஊதியம் பெற்றோ பெறாமலோ தொழில் எதிலும் ஈடுபடலாகாது என்பது அதன் நிபந்தனை. முப்பதாண்டு ரொறன்ரோவில் ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம் என்று எண்ணி வருகிறார். காசு வேண்டாம் என்கிறார். அதிபரும் அகமகிழ்கிறார். ஆனால் சட்டத்தின் கண்ணில், நாள்தோறும் வகுப்புக்குப் போவது உல்லாசமன்று. அண்ணனின் கடையில் கல்லாவில் உட்காருவதும் அவ்வாறே. இந்த நிபந்தனை உள்ளூர் உத்தியோகத்தைக் காப்பதற்காக எழுந்தது என்பதில் ஐயமில்லை. ஆசிரியருக்குத் தவிக்கும் தீவுப் பள்ளிக்கூடத்தை நினைத்து அதை எழுதியிருக்கமாட்டார்கள். உரிய அநுமதியை முன்னரே பெற்றுக்கொள்வதே இவருக்குத் தக்க வழி. அலைச்சல்தான், ஆயினும், சட்டத்தை மீறியவர் என்று பதிவில் ஏறிவிட்டால் அடுத்த வருகையே இல்லாமற் போகலாம்.

காணி விஷயமும் இதனோடு பிணைந்தது. 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டம், 2013 ஜனவரி 1ஆம் நாளைத் தொடக்கமாகக் கொண்டு, இலங்கைக் காணியின் உரிமை வெளிநாட்டவருக்குக் கைமாறுவதைத் தடுத்தது. நெருங்கிய உறவினரிடமிருந்து மரபுரிமையாகவோ நன்கொடையாகவோ வருவதற்கும், இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் விலக்கு உண்டு. ஆகவே தாயின் வளவு அவருக்கு முதுசமாக வரலாம். ஆனால் பக்கத்து வளவுக்காரர் விற்கும் பனங்காணியையோ, அந்நாளில் பாட்டனார் கடனுக்கு விற்ற வயற்றுண்டையோ விலைகொடுத்து மீட்கப் போனால், அவர் அந்நியர். பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் எண்ணமுள்ளவர்கள் இதை ஒரு சட்டத்தரணியிடம் விளங்கிக்கொள்ளாமல் பயணச் சீட்டு வாங்குவது நன்றன்று.

இரட்டைக் குடியுரிமை என்பது 1987இல் நடந்த சட்டத் திருத்தத்தால் வந்தது. 2011 முதல் 2015 வரை அது நிறுத்திவைக்கப்பட்டு, பின் மீளத் தொடங்கியது. 55 வயது கடந்தவர் அவ்வயதையே தகுதியாகக் காட்டி விண்ணப்பிக்கலாம். கல்வி, சொத்து முதலிய வேறு தகுதிகளும் உண்டு. கட்டணம் சிறிதன்று. பெற்றவர் வேண்டியவளவு காலம் ஊரில் வாழலாம், காணி வாங்கலாம், தொழில் செய்யலாம். நாடாளுமன்றத்துக்கு மட்டும் போக முடியாது என்று 2022ஆம் ஆண்டின் 21ஆம் அரசியலமைப்புத் திருத்தம் மீண்டும் விதித்தது. அந்த ஆசை எல்லாருக்கும் இராது. இதில் மறுகரையின் சம்மதமும் வேண்டும். கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து ஆகியன இரட்டைக் குடியுரிமையை ஏற்பன. டென்மார்க் 2015 முதலும், நோர்வே 2020 முதலும், ஜேர்மனி 2024 ஜூன் முதலும் பொதுவாக ஏற்கின்றன. இம்மூன்று நாடுகளிலும் வாழும் தமிழருட் பலர், முன்னர் ஏதேனும் ஒன்றைத் துறக்க வேண்டியிருந்தவர்கள். பழைய விதியையே இன்னும் உண்மையென்று நம்பி, கேட்டறியாமல் இருப்பவர்களும் அவர்களுட் சிலர். மலேசியாவும் சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. முன்னாள் இலங்கையருக்கு நிரந்தர வதிவிட விசா என்றோர் ஏற்பாடும் உண்டு. குடியுரிமை மீளாது, ஆயினும் 30 நாட் கணக்கிலிருந்து விடுதலை கிடைக்கும். வம்சாவளியினருக்கு இந்தியா 2005இல் வகுத்த கடல்கடந்த இந்தியர் அட்டையும் இத்தகையதே: அதைப் பெற்றவர் வாழ்நாள் முழுவதும் எத்தனை முறையும் போய்வரலாம்.

வந்துபோகும் உறவை உறவென்றே ஏற்று, அதற்கென ஒரு கதவு வைத்த நாடும் உண்டு. கனடா 2011 டிசம்பரில் பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிக்கும் தனி விசா ஒன்றை உருவாக்கியது. தொடக்கத்தில் ஒரு நுழைவில் 2 ஆண்டு தங்க அதில் இடமிருந்தது. 2022 ஜூலையில் அது 5 ஆண்டாகியது. பிள்ளையின் வருமானச் சான்றும் மருத்துவக் காப்புறுதியும் காட்டவேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை விமானம் ஏறி இறங்கிய தாய்மாருக்கு இது பெரும் ஆறுதல். பிள்ளையைப் பார்க்கப் போகும் தாய்க்கு அந்நாடு கண்டுபிடித்த பெயர் 'பெற்றோர்'. தாயின் வீட்டைப் பார்க்க வரும் பிள்ளைக்கு இங்கே அத்தகைய பெயர் இன்னும் பிறக்கவில்லை.

நெடுந்தீவுப் பிரிவைச் சேர்ந்த கச்சதீவில் ஆண்டுதோறும் தவக்காலத்தை ஒட்டிப் புனித அந்தோனியார் திருவிழா நடக்கிறது. இராமேசுவரத்திலிருந்து படகுகளிலும், இப்பக்கம் தீவுகளிலிருந்தும் குடாநாட்டிலிருந்தும் மக்கள் வந்து கூடுகின்றனர். 1974 ஜூனில் இலங்கையும் இந்தியாவும் செய்த உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே அத்தீவுக்கு வந்துபோகலாம், அதற்குப் பயணப் பத்திரமோ விசாவோ வேண்டியதில்லை என்கிறது. போர்க்காலத்தில் விழா தடைப்பட்டது. இப்போது மீண்டும் நடக்கிறது. வந்தவர்கள் ஓர் இரவு தங்கி, மறுநாட் பூசை கண்டு, படகேறிவிடுகிறார்கள். அங்கே எவரும் யாரையும் வீடு எங்கே என்று கேட்பதில்லை. கச்சதீவில் குடிநீர் இல்லை, குடிகளும் இல்லை. தங்கிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு அங்கே இடமில்லாதபடியால் விசாவுக்கும் இடமில்லை.

கரம்பொன்னில் கிணறு இருக்கிறது. முதியவர் அதை இறைப்பித்து, தண்ணீர் ஊறிவருவதையும் பார்த்துவிட்டார். ஓடு மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது; மேசன் அடுத்த கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். முற்றத்துக் கதிரையில் அமர்ந்து, அடுத்த வருகைக்கான அநுமதி விண்ணப்பத்தைப் பேரன் கைத்தொலைபேசியில் திறந்து கொடுக்க, அதைக் கண்ணாடிக்கருகே பிடித்துப் பார்க்கிறார். வருகையின் நோக்கம் யாது என்று அது கேட்கிறது. காட்சிகளைக் காணுதலும் விடுமுறையும், நண்பரையும் உறவினரையும் காணுதல், ஆயுள்வேதம் உள்ளிட்ட வைத்தியம், விளையாட்டும் கலைநிகழ்ச்சியும் என்று சில விடைகள் வரிசையாக இருக்கின்றன. ஊரில் உறவென்று சொல்ல, திவசத்துக்குரிய தமக்கையார் இல்லை. பெறாமகன் ஒருவன் வேலணையில் இருக்கிறான். உறவினரைக் காணுதல் என்பதைத் தொட்டுவிட்டு, அவன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதத் தொடங்குகிறார்.